முதல் ரோமானியக் காசை வாங்குவதற்கு முன்: கிரேக்க, ரோமானிய நாணயங்களைப் படிக்கவும் சேர்க்கவும் ஒரு வழிகாட்டி

ஆயிரத்து அறுநூறு, எழுநூறு ஆண்டுப் பழைய காசு என்றால் விலை லட்சக்கணக்கில் இருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ரோமானியப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் குடும்பத்தார் ஆண்ட காலத்துச் சிறு செப்புக்காசு ஒன்று, எழுத்து ஓரளவு தெரிகிற நிலையில், ஐரோப்பிய வணிகர்களிடம் ஒரு தடித்த புத்தகத்தின் விலைக்கே கிடைத்துவிடும். பேரரசு முழுவதும் மூட்டை மூட்டையாக அச்சடித்துக் கொட்டிய காசு அது. மண்ணுக்குள் போனதும் ஏராளம், வெளியே வந்ததும் ஏராளம். ஆகவே பணம் இங்கே பெரிய தடை இல்லை. காசைப் படிக்கத் தெரியாமலே வாங்கத் தொடங்குவதுதான் புதியவர்களைக் கவிழ்க்கிறது. வாங்குவதைப் பற்றி இந்தக் கட்டுரையில் பின்னால்தான் வரும்.

எங்கே தொடங்குவது

கிரேக்க வெள்ளியின் அழகைப் பார்த்து மயங்கித்தான் பெரும்பாலானோர் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆனாலும் என் யோசனை: கிரேக்கத்தில் தொடங்காதீர்கள். நூற்றுக்கணக்கான நகரங்கள் தனித்தனியாகக் காசு அடித்தன. பலவற்றில் ஆண்டும் இல்லை, ஆள்பவர் பெயரும் இல்லை. வெள்ளி என்பதால் விலையும் அதிகம், போலியும் அதிகம்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக்காசில் தொடங்குங்கள். ஆள்பவரின் பெயர், பட்டம், அடித்த ஊர், சில சமயம் அடித்த பட்டறை வரைக்கும் அதிலேயே எழுதியிருக்கும். தவறாக வாங்கினாலும் நட்டம் சிறிது. தமிழ் வாசகருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரைப் பக்கத்திலும் கிடைத்திருப்பவை இதே வகைக் காசுகள். இலங்கையில் இவை பெருமளவில் கிடைத்ததோடு, இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த நகல்களும் கிடைத்துள்ளன. அதற்கு முந்தைய வெள்ளியிலும் தங்கத்திலும் தென்னிந்தியக் குவியல்கள் உலகப் புகழ் பெற்றவை. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. மறுபடி அவை காசாகச் செல்லாமல் இருக்க யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளை நேரில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். படத்தில் பார்ப்பதைவிட அவை எவ்வளவு சிறியவை என்பது அங்கே போனால்தான் உறைக்கும்.

சட்டம்: இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்

இந்தியாவில் மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் வணிகமும் செய்யக் கூடாது. இலங்கையில் மண்ணுக்குள் கிடைக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. இங்கிலாந்தில் வாழும் தமிழர்கள் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்க நினைத்தால் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தை முதலில் படித்துவிடுங்கள்.

ஆற்றங்கரையில் "இப்போதுதான் கிடைத்தது" என்று ஒருவர் கையை நீட்டினால் வாங்காதீர்கள். அது போலியாக இருந்தால் உங்கள் பணம் போயிற்று. உண்மையாக இருந்தால், எங்கே எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடைத்தது என்ற செய்தி போயிற்று. சட்டத்தின் பிடி வேறு.

கையில் வேண்டியவை

நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்ன மின் தராசு, மில்லிமீட்டர் அளக்கும் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், பக்கவாட்டில் சாய்த்து வைக்கக்கூடிய ஒரு மேசை விளக்கு. நான்காவதைத்தான் யாரும் மதிப்பதில்லை. தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் மறைந்துபோகும். விளக்கைத் தாழ்த்திச் சாய்த்தால் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

உலோகமும் எடையும்

படத்தைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள். பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

ரோமின் வெள்ளிக்காசான டெனாரியஸ் கி.மு. 211 வாக்கில் பிறந்தது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 3.9 கிராம். கி.பி. 64இல் நீரோ கை வைத்ததும் 3.4 கிராம் அளவுக்கு இறங்கிற்று. செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் அதில் வெள்ளி ஏறக்குறையப் பாதிதான். 215இல் கரகல்லா இரட்டை மதிப்புள்ள புதுக்காசைக் கொண்டுவந்தான். அன்டோனினியானஸ் என்று இன்று அழைக்கப்படும் அதில் பேரரசர் தலையில் சூரியக் கதிர் போல முள்முள்ளாக நீட்டிய கிரீடம் இருக்கும். அரசியாக இருந்தால் மார்பளவு உருவம் பிறைநிலாவின் மேல் அமர்ந்திருக்கும். ஐம்பது ஆண்டுக்குள் அதுவும் வெள்ளி பூசிய செம்பாகச் சீரழிந்தது. செம்பு நிறத்தில் கதிர்க்கிரீடம் வைத்த தலை, 20 மில்லிமீட்டர் விட்டத்தில் உங்கள் கையில் வந்தால், பெரும்பாலும் 260களிலிருந்து 290கள் வரையிலான காலத்தில் நிற்கிறீர்கள்.

பெரிய பித்தளைக் காசு, 25 கிராம் அளவில், பூப்பக்கத்தில் பெரிதாக எஸ், சி என்ற இரண்டு எழுத்துகள் என்றால் அது செஸ்டெர்ஷியஸ். செனட் எனும் மூத்த சபையின் ஆணைப்படி அடித்தது என்பதற்கான குறி அது. நடுத்தரக் காசில் அதே எழுத்துகள் இருந்தால் ஆஸ் அல்லது டுபாண்டியஸ்.

தலைப்பக்கம் காலத்தைச் சொல்லும்

பூவா தலையா போடும்போது பார்ப்பதைவிடக் கொஞ்சம் நிதானமாகத் தலையைப் பாருங்கள். ஹேட்ரியனுக்கு முன்னால் பேரரசர்கள் பெரும்பாலும் முகம் மழித்தவர்கள். 117இல் அவன் வந்த பிறகு தாடி வழக்கமாயிற்று. 3ஆம் நூற்றாண்டில் ஒட்ட வெட்டிய முடியும் குறுந்தாடியுமாகப் படைவீரர் சாயல் வரும். கான்ஸ்டன்டைன் தாடியை எடுத்துவிட்டு, ஆட்சியின் பிற்பகுதியில் முத்தோ மணியோ வைத்த நெற்றிப்பட்டம் கட்டத் தொடங்கினான். மழித்த முகமும் நெற்றிப்பட்டமும் சேர்ந்து கண்டால் 4ஆம் நூற்றாண்டு, அல்லது அதற்குப் பின். தாடிக்கார ஜூலியன் போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவனை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

எழுத்தைக் கூட்டிப் படித்தல்

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வரும் பத்துப் பன்னிரண்டு சுருக்கங்கள் தெரிந்தால் போதும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி இருக்காது என்பதையும், 'யு' வரவேண்டிய இடத்தில் 'வி' இருக்கும் என்பதையும் மட்டும் நினைவில் வையுங்கள்.

டிராஜனின் டெனாரியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையைச் சுற்றி ஐ-எம்-பி, பிறகு டிராயானோ, ஏ-வி-ஜி, ஜி-இ-ஆர், டி-ஏ-சி, பி-எம், டி-ஆர்-பி, சி-ஓ-எஸ், வி, பி-பி. ஒவ்வொன்றாகப் பிரித்தால்: படைத்தலைவனும் பேரரசனுமான டிராஜனுக்கு, அகஸ்டஸ் என்ற பட்டம் உடையவன், ஜெர்மானியரை வென்றவன், டேசியரை வென்றவன், தலைமைப் பூசகன், மக்கள் காவலர் அதிகாரம் உடையவன், ஐந்தாம் முறை கான்சல் (ரோமின் உயர் ஆட்சிப் பதவி), நாட்டின் தந்தை. பூப்பக்கத்தில் 'ரோமானியச் சபையும் மக்களும், மிகச் சிறந்த தலைவனுக்கு' என்று வாக்கியம் முடியும்.

காலம் இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஐந்தாம் முறை கான்சல் ஆனது 103இல். ஆறாம் முறை 112இல். ஆகவே காசு 103க்கும் 111க்கும் இடையில் அடித்தது. கான்சல் எண்ணையும், இருந்தால் மக்கள் காவலர் அதிகாரத்தின் ஆண்டு எண்ணையும் முதலில் தேடுவது இதனால்தான். பெயரைவிட எண்தான் காலத்தை இறுக்கிப் பிடிக்கும்.

ஒரு செப்புக்காசு, ஆரம்பம் முதல் கடைசி வரை

இப்போது நீங்கள் உண்மையில் சந்திக்கப்போகிற வகை. கறுத்த சிறு காசு, 15 மில்லிமீட்டர், 1.6 கிராம். தலைப்பக்கத்தில் வலப்பக்கம் பார்க்கும் மழித்த முகம், நெற்றிப்பட்டம். எழுத்தில் தொடக்கம் தேய்ந்துவிட்டது. கடைசியில் ஐ, வி, எஸ் தெரிகிறது. அதற்குப் பிறகு ஏ, வி, ஜி. பூப்பக்கத்தில் ஈட்டியும் கேடயமுமாக எதிரெதிரே இரண்டு வீரர்கள், நடுவில் ஒற்றைப் படைக்கொடி. அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எஸ், எம், ஏ, என், கடைசியாகக் கிரேக்கக் காமா.

இரண்டு வீரர்களைப் பார்த்ததுமே 'படையின் புகழ்' என்ற வகை என்று தெரிந்துவிடும். 330களின் மிகச் சாதாரணமான காசு இது. நடுவில் கொடி எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வரை, காசும் சற்றுப் பெரிதாக இருக்கும். ஒற்றைக் கொடி என்றால் 335 முதல் 341 வரை. எடைக் குறைவும் அதையே சொல்கிறது.

அடுத்தது பெயர். இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். தந்தை கான்ஸ்டன்டைனின் பெயர் காசில் கான்ஸ்டன்டைனஸ், மூத்த மகன் பெயரும் அதுவே, அடுத்தவன் கான்ஸ்டன்ஷியஸ், கடைக்குட்டி கான்ஸ்டன்ஸ். குடும்பத்தில் பெயர்ப் பஞ்சம் போலும். தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் அது தேய்ந்ததில் பெரிய இழப்பு இல்லை. கடைசி 'வி-எஸ்'ஸுக்கு முன் என்ன எழுத்து என்பதுதான் கேள்வி. 'என்' என்றால் கான்ஸ்டன்டைனஸ், 'ஐ' என்றால் கான்ஸ்டன்ஷியஸ். நம் காசில் இருப்பது 'ஐ'. ஆக, இரண்டாம் கான்ஸ்டன்ஷியஸ்.

ஏ-வி-ஜி என்றால் அகஸ்டஸ், முழுப் பேரரசன். தந்தை 337 மே மாதம் இறந்தார். மகன்கள் செப்டம்பரில்தான் அந்தப் பட்டத்தை ஏற்றார்கள். அதற்கு முன் அவர்கள் இளவரசர்கள், காசில் 'நோப் சி' என்று இருக்கும். எனவே நம் காசு 337 செப்டம்பருக்குப் பிறகு, 341க்குள்.

கோட்டுக்குக் கீழே ஊர். எஸ்-எம் என்பது அரசின் திருநாணயம் என்பதற்கான சுருக்கம், ஏ-என் அந்தியோக்கியா, காமா மூன்றாம் பட்டறை. இன்றைய துருக்கியின் அந்தாக்கியா நகரம் அது. இதே இடத்தில் எஸ்-எம்-கே என்றால் சைசிகஸ், எஸ்-எம்-என் என்றால் நிகோமீடியா, டி-ஆர் என்றால் ஜெர்மனியின் டிரியர், ஏ-எல்-இ என்றால் அலெக்சாந்திரியா. பத்துப் பதினைந்து அக்கசாலைகள்தான். ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்தால் ஒரு மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

தேய்ந்த காசில் பெயரே தெரியாதபோது பூப்பக்கம் கைகொடுக்கும். குதிரையிலிருந்து விழும் எதிரியை வீரன் குத்துவது 348க்குப் பிந்தியது. ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டுவதும், தலைப்பக்கத்தில் கவசத் தலையோடு ரோமா தேவியும் என்றால் 330 முதல் ரோம் நகரைப் போற்றி அடித்தது. வெற்றித் தேவதை கைதியை இழுத்துச் செல்லும் மிகச் சிறிய காசு, 12, 13 மில்லிமீட்டர்தான் இருக்கும், 4ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இது அடிக்கடி கிடைத்திருக்கிறது.

கண்டுபிடித்ததைச் சரிபார்க்க அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ஓ.சி.ஆர்.இ. என்ற இணையத் தரவுத்தளம் இருக்கிறது. இலவசம். பேரரசர், ஊர், எழுத்து என்று சலித்துக்கொண்டே போகலாம். வணிகர்கள் எழுதும் 'ஆர்.ஐ.சி.' எண் ரோமானியப் பேரரசுக் காசுகளின் பத்துத் தொகுதிப் பட்டியலின் எண். நம் காசு அதில் எட்டாம் தொகுதி. பேரரசர் முகம் இருந்தும் எழுத்து கிரேக்கமாக இருந்தால் குழம்ப வேண்டாம். அது கிழக்கு மாகாணங்களில் உள்ளூரில் அடித்தது, அதற்கு ஆர்.பி.சி. என்ற தனித் தளம் இருக்கிறது.

கிரேக்கக் காசைப் பார்க்கும் விதம்

இங்கே எழுத்தைவிடச் சின்னம் பேசும். கொரிந்துக்குச் சிறகு முளைத்த குதிரை, ஏஜினாவுக்கு ஆமை, எபேசுக்குத் தேனீ, ரோட்ஸ் தீவுக்கு ரோஜா, மெட்டபாண்டத்துக்கு வாற்கோதுமைக் கதிர். அடுத்தது எடை. ஏதென்ஸ் முறையில் ஒரு டிராக்மா 4.3 கிராம், நான்கு டிராக்மாக் காசு 17.2 கிராம். ஏஜினா முறையில் ஆமைக்காசு 12 கிராமுக்குச் சற்று மேல். சின்னமும் எடையும் ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும்.

ஏதென்ஸ் ஆந்தைக்காசைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தலைப்பக்கம் கவசம் அணிந்த ஏதீனா, பூப்பக்கம் நம்மை நேராக முறைக்கும் ஆந்தை, அதன் பின்னால் ஒலிவக் கிளையும் பிறையும், எதிரே ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் காசில் ஏதீனாவின் முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் மட்டும் நேரே பார்க்கும், பாதாம் வடிவில். 4ஆம் நூற்றாண்டில் கண்ணும் பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு கண்ணை வைத்தே நூற்றாண்டைச் சொல்லிவிடலாம். அண்மை ஆண்டுகளில் பெருங்குவியல்கள் சந்தைக்கு வந்ததால் இதன் விலை முன்பிருந்ததைவிட இறங்கியிருக்கிறது. 'மிக அரிது' என்று ஒருவர் இதை விற்றால் நடையைக் கட்டுங்கள்.

அலெக்சாந்தர் காசில் இருக்கும் முகம் அலெக்சாந்தருடையது என்று பலர் சொல்வார்கள். சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ் அது. பூப்பக்கத்தில் கழுகைக் கையில் ஏந்தி அமர்ந்த சீயஸ். கி.மு. 323இல் அவன் இறந்த பிறகும் இருநூறு ஆண்டுக்கு மேல் பல நகரங்கள் அவன் பெயரிலேயே இதை அடித்தன. ஆகவே 'அலெக்சாந்தர் கைபட்ட காசு' என்ற விளம்பரத்துக்கு மேலதிகமாகப் பணம் கொடுக்காதீர்கள்.

போலியைப் பிடிப்பது

பழைய காசு சுத்தியலால் அடித்தது. மலிவான போலி வார்த்தது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பெரும்பாலான சோதனைகள் வருகின்றன. வார்ப்பில் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக்கோடு இருக்கும், அல்லது அதை அரம் வைத்து ராவிய தடம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் காசின் வெற்றுப் பரப்பில் குண்டூசி முனை அளவுக் குமிழ்க் குழிகள். எழுத்தின் ஓரம் சோப்புத் தேய்ந்ததுபோல வழவழப்பாக இருக்கும். அடித்த காசில் உலோகம் வெளிப்பக்கமாக ஓடிய கோடுகள் தெரியும், விளிம்பில் வெடிப்புகள் இருக்கும்.

இரட்டைப் பிள்ளைச் சோதனைதான் எனக்குப் பிடித்தது. கையால் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சிலிருந்து வரலாம்; ஆனால் ஒரே அளவு நடு விலகி, ஒரே இடத்தில் வெடித்து, ஒரே இடத்தில் கீறல் விழ முடியாது. விற்பனையில் இருக்கும் காசின் படத்தைப் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெடிப்பு வரை அச்சாக ஒத்துப்போனால் ஒன்றாவது போலி, பெரும்பாலும் இரண்டுமே.

எல்லாப் போலியும் புதிது அல்ல. செம்பின் மேல் வெள்ளி போர்த்திய காசுகளை ரோமானியக் கள்ளர்களே செய்தார்கள். அவற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான பெக்கர் தானே அச்சு வெட்டிக் காசு அடித்தார். அவற்றுக்குப் பழமை ஏற்ற இரும்புத்தூள் பெட்டியில் போட்டு வண்டியில் குலுக்கிக்கொண்டே ஊர் சுற்றினார் என்று சொல்வார்கள். இன்று அவையே சேகரிப்புப் பொருள்.

கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுவது டைபீரியஸின் டெனாரியஸ். அமர்ந்த பெண்ணுருவம், 'தலைமைப் பூசகன்' என்ற எழுத்து. தென்னிந்தியக் குவியல்களில் மிகுதியாகக் கிடைத்த இரண்டு வகைகளில் இது ஒன்று. விவிலியத்தில் இயேசு கையில் வாங்கிப் பார்த்த வரிக்காசு இதுதான் என்ற நம்பிக்கையால் தேவை எப்போதும் அதிகம், விலையும் அதிகம். போலியும் அதற்கேற்ப.

இனி வாங்கலாம்

உண்மைத்தன்மைக்குக் கால வரம்பில்லாத உத்தரவாதம் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். பொது ஏலத் தளங்களில் தனியார் வைக்கும் 'தாத்தா பெட்டியில் கிடைத்தது' வகைக் காசுகளைப் பார்த்துப் பழகலாம், வாங்க வேண்டாம். ஏல நிறுவனத்தில் எடுத்தால் கேட்ட விலைக்கு மேல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டணம் சேரும். அனுப்பும் செலவும் சுங்கமும் தனி. மண்ணோடு மொத்தமாக விற்கும் 'கழுவாத காசு' மூட்டைகள் எனக்குப் பிடிக்காது. நல்லதை எடுத்துவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புவார்கள். எங்கே தோண்டியது என்பதற்கும் பதில் இருக்காது.

காசு யார் யார் கையில் இருந்தது என்ற வரலாற்றைக் கேளுங்கள். சீசர் கொலையைக் கொண்டாடிப் புரூட்டஸ் அடித்த பொற்காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. வரலாற்றுச் சான்று பொய் என்று பிறகு தெரியவந்து, 2023இல் அது கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. உங்கள் காசு இருபது டாலர்தான் என்றாலும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

காப்பாற்றுவது

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்காது. கட்டுப்படுத்துங்கள். புளி, எலுமிச்சை, வினிகர், பாலிஷ் எதுவும் கூடாது. அந்தக் கரும்பச்சைப் படலம்தான் எழுத்தைத் தாங்கி நிற்கிறது. அதை எடுத்தால் விலையும் போகும், எழுத்தும் போகும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்து, நன்றாக உலர்த்துங்கள்.

செம்பில் வெளிர்பச்சை நிறத்தில் மாவுபோல உதிரும் புள்ளி கண்டால் அது வேறு. உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடும் காற்றின் ஈரமும் சேர்ந்து அரிக்கும் நோய் அது. கடலோர ஊர்களில் விரைவாகப் பரவும். அந்தக் காசைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். மென்மையான பி.வி.சி. உறைகளைத் தவிர்க்கவும், நாளடைவில் பிசுபிசுப்பான பச்சையைக் கசியவிடும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை நல்லது. மரத்தட்டு என்றால் ஓக் வேண்டாம், அதன் அமில ஆவி உலோகத்தை அரிக்கும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு காசுக்கும் சிறு அட்டை ஒன்று எழுதுங்கள்: ஆள்பவர், காலம், ஊர், எடை, விட்டம், இரு பக்க எழுத்து, பட்டியல் எண், யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது. தலையை நேராகப் பிடித்துக் காசைத் திருப்பும்போது பூப்பக்கம் எந்தத் திசையில் நிற்கிறது என்பதையும் கடிகார முள் காட்டும் மணியாகக் குறியுங்கள். ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று. படிக்க முடியாத எழுத்துக்கு ஊகித்து நிரப்பாமல் புள்ளி வையுங்கள். பழைய உரிமையாளர் எழுதிய சீட்டு காசோடு வந்தால் அதையும் அதே உறையில் போட்டுவிடுங்கள், மை மங்கியிருந்தாலும்.